பட்டுக்கு வடிகட்டிய தண்ணீர்

ஞானமணி இறந்த செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் பாவு இருந்தது. காலை ஏழு மணி இருக்கும். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தோம். அவருடைய மருமகன் சைக்கிளை விட்டு இறங்கி, என் காதருகே வந்து, "மாமா நேத்து சாயங்காலம் தவறிட்டாருங்க. மார்வலின்னு சொன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிடுச்சு" என்றான். பாவு போடும்போது நடுவில் ஒருவன் கையை எடுத்தால் இழை தொய்ந்து சிக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தப் புடவை புடவையில்லை. அதனால் நான் கையை எடுக்கவில்லை. அரை மணி நேரம் கஞ்சி தடவி முடித்து, இழை காய்ந்த பிறகுதான் தெருவோரம் உட்கார்ந்து அழுதேன். நெசவாளிக்கு அழுவதற்கும் பாவு காய வேண்டும்.

அவரோடு சுகாதார இலாகாவில் வேலை பார்த்த நண்பர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். "நீங்கள் அவருக்கு வேண்டியவர், நாலு வார்த்தை எழுதுங்கள்" என்று கேட்டார்கள். வேண்டியவன் என்ற சொல் எனக்குப் பொருந்துமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு நான் ஊரறியச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத ஒப்புக்கொண்டேன். அவரைப் புகழ்வதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். போன வாரம் எங்கள் தெருவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் புகழ்ந்து தள்ளிவிட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பியது முதல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

உங்களுக்கு அவர் சானிடரி இன்ஸ்பெக்டர் ஞானமணி. எங்கள் தெருவுக்கு அவர் பம்பு இன்ஸ்பெக்டர். முழங்கை நீளத்தில் ஒரு உலோகக் குழாய். உள்ளே வெள்ளைப் பீங்கானில் ஒரு குழல், கடைக்காரர்கள் கேண்டில் என்று சொல்வது. மேலே சைக்கிள் பம்பு போல ஒரு கைப்பிடி. கீழே ரப்பர் குழாய். ரப்பர் குழாயைத் தண்ணீரில் விட்டுக் கைப்பிடியை இழுத்து இழுத்து அழுத்தினால், பக்கவாட்டு மூக்கு வழியாக நூல் போலத் தண்ணீர் வரும். ஒரு டம்ளர் நிறைய நூறு தடவைக்கு மேல் அழுத்த வேண்டும். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தபோது அதை உபயோகிக்கப் பழகினாராம். யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்களை மெட்ராஸில் மலிவாக விற்றபோது தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டார். தேய்ந்துபோகும் கேண்டிலுக்கு மாற்றுக் கேண்டில் தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போவார். காக்கிப் பையில் அந்தப் பம்பு இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

முதல் தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது, பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் காமாலை வந்திருந்தபோது. நல்ல வெயில். என் அம்மா தண்ணீர் கொடுத்தாள். எந்த டம்ளரில் என்று கேட்காதீர்கள். அவர் தாமல் பக்கத்துக் கிராமத்தில் ஏரிக்கரைக்குக் கீழே கூலிக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர் என்பது அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. கொல்லைப்புறத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளரில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, பையிலிருந்து பம்பை எடுத்து, அந்தத் தண்ணீரைத் தன் சொந்த டம்ளருக்கு அழுத்தி இறக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாபா, எங்க வூட்டுத் தண்ணிய கழுவிட்டுத்தான் குடிப்பியா?"

"எங்கம்மா குடுத்தாலும் கழுவிட்டுத்தாம்மா குடிப்பேன்," என்றார் அவர், கையை நிறுத்தாமல்.

தெரு முழுக்க அன்று சாயங்காலம் அதே பேச்சுத்தான். அவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாதவர்களெல்லாம், அவர் நம் தண்ணீரை அப்படியே குடிக்கவில்லை என்று கொதித்தார்கள். "இன்னா திமிரு பாத்தியா" என்றார்கள். நானும் சிரித்தேன். கொடுப்போம், கொள்ள மாட்டோம் என்கிற புத்திக்கு எங்கள் தெருவில் பஞ்சமே இருந்ததில்லை.

அந்தப் பம்பை அவர் ஏன் அப்படிச் சுமந்தார் என்பதை ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் அப்போது தெருச் சங்கத்தின் செயலாளர். தெருவிளக்கு, சாக்கடை என்று மனுக் கொடுக்க அவரிடம் அடிக்கடி போவேன். என்னை 'செக்ரட்டரி' என்றுதான் கூப்பிடுவார். "எங்க ஊர்ல கெணத்தாண்ட நாங்க போவ முடியாது செக்ரட்டரி. கொடத்தை எடுத்துக்கினு தள்ளி நிக்கணும். யாராச்சும் மனசு வெச்சு மொண்டு ஊத்துனா தண்ணி. ஊத்தலன்னா வாய்க்காத் தண்ணிதான், மாடு குளிக்கிற தண்ணி. அதக் குடிச்சு என் தம்பி ரெண்டு பேரு போயிட்டானுங்க. பட்டாளத்துல இதக் கையில குடுத்து, எந்தக் குட்டையில வேணா வெச்சு அடி, குடிக்கலாம்னாங்க. அன்னிக்கி எனக்குத் தோணிச்சு, இனிமே தண்ணிக்கு ஒருத்தன் மூஞ்சியப் பாக்க வேணாம்." இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இனிக் கிணற்றுக் கதை. எங்கள் தெரு நடுவில் ஒரு கிணறு. அதில் சாயம் போட்டால் அரக்கு நிறம் பளபளவென்று பட்டில் ஏறும் என்று ஊரெல்லாம் பேர். மற்றத் தெருக்களிலிருந்து குடம் குடமாகக் கொண்டுபோவார்கள். பட்டு ஏற்றுக்கொண்ட தண்ணீர் கெட்ட தண்ணீராக இருக்க முடியாது என்பது எங்கள் சாத்திரம். பட்டுதான் எங்களுக்குச் சாட்சி. அதனால் குடிப்பதற்கும் அதே தண்ணீர். கிணற்றிலிருந்து இருபது இருபத்தைந்து அடி தள்ளி எடுப்புக் கக்கூஸ் வரிசை. அதன் கழிவு இறங்கும் சாக்கடை கிணற்றின் மேடையை உரசிக்கொண்டு போகும். மேடையில் விரிசல். இதெல்லாம் தினமும் எங்கள் கண்ணெதிரில் இருந்தது. நிறத்தில் நூலளவு மாறினாலும் கண்டுபிடித்துவிடும் கண்கள்தான் எங்களுடையவை. சாக்கடை மட்டும் கண்ணில் படவில்லை.

ஞானமணி ஒருநாள் தெருவைக் கூட்டி, இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அதே தண்ணீர் பம்பு வழியாக. எங்கள் ஆட்கள் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது. இதுக்கா இந்த இழுப்பு?" என்று ஒரே சிரிப்பு. அவர் குழாயைத் திருகி உள்ளேயிருந்த கேண்டிலை எடுத்துக் காட்டினார். ஒரு வாரத்துக்கு முன் சுண்ணாம்பு வெள்ளையாகப் போட்டதாம். இப்போது அதன் மேல் பழுப்பாக வழவழவென்று ஒரு தோல். பிரஷ்ஷால் வழித்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். அப்போதும் ஒரு பெரிய மனிதர் விடவில்லை. "பம்புல இருக்கற அழுக்குபா அது. நம்ம தண்ணிமேல பழி போடற" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களவர்கள் கூடத்தைச் சொல்லாமல், அழுக்கைக் காட்டிக்கொடுத்த விளக்கைக் குறை சொன்னார்கள்.

அவர் அசரவில்லை. சொந்தக் காசில் மூன்று கேண்டில் வாங்கி வந்தார். இரண்டு அலுமினியத் தூக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் தூக்கின் அடியில் ஓட்டை போட்டுக் கேண்டிலைப் பொருத்தினார். மேலே ஊற்றினால் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். பம்பு வேண்டாம், கை வலிக்காது, வேலைக்குப் போகிறவன் சாப்பாட்டுத் தூக்கு போலக் கையில் எடுத்துப் போகலாம். அப்படி மூன்று செய்து, சபாபதி முதலாளியின் தறிக்கூடத்தில் கொடுத்தார். நானும் அந்தக் கூடத்தில்தான் கூலிக்கு நெய்தேன். பன்னிரண்டு பேர் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்போம். எங்கள் குடிதண்ணீருக்கென்று கொடுத்தார்.

முதலாளி அவற்றை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணிய அவ்ளோ சுத்தமா ஆக்குமா?" என்று கேட்டார். ஞானமணியும் பாவம், "பாலாத்துத் தண்ணியவிட சுத்தம் முதலாளி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். மறுநாள் மூன்று தூக்கும் எங்கள் கூடத்தில் இல்லை. சாயக் கொட்டகையில் இருந்தன. மெட்ராஸில் பெரிய இடத்துக் கல்யாணப் புடவை ஒன்றுக்குச் சாயம் போட, ஐந்து நாள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடித்து அண்டாவில் சேர்த்துக்கொண்டிருந்தார் முதலாளி. சுத்தமான தண்ணீர் என்றால் அது பட்டுக்குத்தான் என்று அந்த மனிதருக்குத் தோன்றியது. அது மனிதன் குடிப்பதற்கு என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் கேவலம். பன்னிரண்டு பேரும் அதே கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடித்துக்கொண்டு, வடிகட்டிய தண்ணீரில் நிறம் எப்படி வரப்போகிறது என்று ஆவலாகக் காத்திருந்தோம். நிறம் எப்போதும் போலத்தான் வந்தது. "இது ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று முதலாளி தூக்குகளைக் கொல்லையில் எறிந்தார்.

ஞானமணி வந்து பார்த்தார். கேண்டில் மூன்றும் உடைந்திருந்தன. அவரை நான் கோபமாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "பட்டுக்கு வடிகட்டிக் குடுக்கறீங்க. பெத்த புள்ளைக்கு மொண்டு குடுக்கறீங்க. நல்லா இருங்கபா" என்றார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வைகாசியில், கருட சேவைக்கு ஒரு வாரம் முன்பு, அவர் என் தறிக்கு வந்தார். வியாழக்கிழமை மத்தியானம். அந்தச் சமயத்தில் ஊருக்குள் ஜனம் கொள்ளாது. எங்கள் தெருவும் தண்ணீர்ப் பந்தல் போட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பானகமும் நீர்மோரும் கரைத்துக் கொடுக்கும். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஞானமணி குனிந்து, மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்குக் காலைல கெணத்துல பிளீச்சிங் பவுடர் போடப்போறேன் செக்ரட்டரி. மூணு நாளைக்கு அந்தத் தண்ணியில யாரும் சாயம் போட வேணாம். போட்டா நெறம் செத்துடும். வூட்டுக்கு வூடு சொல்லிடு. நான் போய்ச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீ சொன்னா கேப்பாங்க."

"சரி சார்" என்றேன்.

நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், பொய். ஞாபகம் இருந்தது. சொன்னால் முதலாளி, "நம்ம கெணத்துல பவுடர் போட நீ யாருடா சரின்னு சொல்றதுக்கு?" என்று கேட்பார். இன்ஸ்பெக்டரின் ஆள் என்று தெரு பேசும். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம், காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அன்று முதலாளியின் கொட்டகையில் ஐந்து கல்யாணப் புடவைக்கான பட்டு சாயத்தில் இறங்கியது. அரக்கு வரவில்லை. மழையில் ஊறிய செங்கல் மாதிரி ஒரு நிறம், அதுவும் திட்டுத்திட்டாக. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். யாரோ கிணற்றை முகர்ந்து பார்த்து, மருந்து வாசனை என்றார்கள். அவ்வளவுதான். பவுடரைப் பற்றிய பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்து, "அவன் கைய வெச்சானா நம்ம கெணத்துல?" என்ற பேச்சு வந்துவிட்டது. பட்டு கெட்ட கோபம் பாதி, தொட்ட கோபம் பாதி.

மனு எழுதச் சொன்னார்கள். தெருவில் என் கையெழுத்துத்தான் அழகு. முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'முன்னறிவிப்பு ஏதுமின்றி' என்று அவர் சொன்னார். என் கை ஒரு நொடி நின்றது. பிறகு எழுதியது. கீழே முதல் கையெழுத்தும் செயலாளர் என்ற முறையில் என்னுடையதுதான்.

விசாரணை வைத்தார்கள். தெருவிலிருந்து பத்துப் பேர் போனோம். விசாரித்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"போடறதுக்கு முன்னாடி சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்" என்றார் ஞானமணி.

"யாருகிட்ட?"

அவர் என்னைப் பார்த்தார்.  முதலாளி என் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில் நின்றிருந்தார்.

"தெருவுல சொன்னேன் சார்."

"தெருவுல யாருகிட்ட? ஒரு பேராவது சொல்லுங்க."

"ஞாபகம் இல்லீங்க."

ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் எத்தனை அடி ஆழம் என்று மனப்பாடமாகச் சொல்லும் மனிதர். ஞாபகம் இல்லையாம். அதிகாரி பேனாவை மூடினார். பத்து நாளில் செய்யாறு பக்கம் மாற்றல் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அந்தப் பாவமும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே ஆளுடையது, என்னுடையது.

அன்று வெளியே வந்து, அவர் சைக்கிளைத் தள்ளும்போது பின்னாலேயே ஓடினேன். "ஏன் சார் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

அவர் நின்றார். "சொல்லியிருந்தா சாயங்காலமே உன்னத் தறிய வுட்டு எறக்கியிருப்பான். உனக்குப் பொண்ணு இருக்குது. என்னிய இன்னா பண்ணிடுவாங்க, பஸ் ஏத்தி அனுப்புவாங்க, அவ்ளோதான். ஆனா செக்ரட்டரி, ஒரு நாளு நீயே சொல்லிடு. எனக்காக இல்ல. பவுடர் கெட்டதுன்னு ஊரு நெனைச்சுக்கினு இருக்குது. கெட்டது பவுடர் இல்ல, சொல்லாததுதான்னு தெரிஞ்சா அடுத்த தபா எவனையாவது போட வுடுவாங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் ஐப்பசியில் தெரிந்தது. அவருக்குப் பின் வந்தவர் மனு என்ற சொல்லுக்கே பயந்தவர். எங்கள் கிணற்றுப் பக்கம் வரவில்லை. நாங்களும் கிணற்றுக்கு மருந்து போட விடக்கூடாது என்று தீர்மானமே போட்டிருந்தோம், அதையும் நான்தான் எழுதினேன். மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை நிரம்பி மேடை விரிசல் வழியாக உள்ளே இறங்கியது. மூன்றாம் நாள் தெருக் கடைசியில் வாந்திபேதி. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டில். என் அம்மா ஒரே பகலில் போய்விட்டாள். என் மகள் வசந்தாவுக்கு அப்போது நாலு வயது. ஆஸ்பத்திரியில் போட்டு, உப்புத் தண்ணீர் ஏற்றி, ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "குடிக்கிற தண்ணியில ஜாக்கிரதையா இருங்க, இன்னொரு தபா வந்தா தாங்காது" என்றார்கள். வீட்டில் காய்ச்ச விறகில்லை. இருந்ததெல்லாம் மழையில் ஊறிப் புகைந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று அழுகிறாள். என் மனைவி குடத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஞானமணி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. யாரோ பஸ்ஸில் பேசியதைக் கேட்டு, லீவு போட்டுவிட்டு, மழையில் நனைந்து வந்தார். என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, புதுக் கேண்டிலைப் பம்பில் போட்டு, அழுத்தத் தொடங்கினார். முதல் டம்ளர் வசந்தாவுக்கு. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வருகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "மொதல்ல புள்ளைக்குத் தண்ணி குடு" என்றார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு அன்றும் சொல்லாமல் விட்டேன்.

எதிர்வீட்டுப் பெண் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். அவள் வீட்டிலும் ஒரு குழந்தை படுத்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒரு மணி நேரத்தில் வரிசை தெருமுனைவரை. "அடுப்பு எரிய வெக்க முடிஞ்சவங்க காய்ச்சிக் குடிங்கமா. முடியாதவங்க மட்டும் நில்லுங்க. நோவாளிக்கு மொதல்ல" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். அவர் கிணற்றைத் தொட்டுவிட்டார் என்று மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகள்தான் எல்லாம். அவர் கையால் இறங்கிய தண்ணீரை அத்தனை பேரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் மாற்றி அழுத்துகிறேன் என்றேன். பழக்கமில்லாமல் அழுத்தினால் கேண்டில் உடைந்துவிடும் என்று தரவில்லை. உள்ளங்கை கொப்பளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு அழுத்தினார்.

மத்தியானம் சபாபதி முதலாளியின் வேலையாள் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தான். "முதலாளி ஒரு கொடம் வாங்கியாரச் சொன்னாரு. மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல."

"கொடத்துக்கெல்லாம் இல்லபா" என்றார் ஞானமணி. "ஆளுக்கு ஒரு டம்ளர். அவர டம்ளர எடுத்துக்கினு வரச் சொல்லு."

முதலாளி வந்தார். வெள்ளி டம்ளர். வரிசையில் நின்றார். முறை வந்தபோது ஞானமணி நிரப்பிக் கொடுத்து, "நாலு மணிக்கு இன்னொண்ணு வாங்கிக்குங்க" என்றார். அடுத்த டம்ளருக்குக் கை நீட்டினார். முதலாளி வெள்ளி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். நான்கு நாள் லீவு முடியும்வரை ஞானமணி தினமும் வந்தார். அந்த நான்கு நாளில் எங்கள் தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. வசந்தாவுக்கு இப்போது பதினாறு வயது.

பிறகு தெருவுக்குக் குழாய் வந்தது. கிணற்றைச் சாயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஞானமணி திரும்ப இந்த ஊருக்கே மாற்றலாகி வந்தார். பார்க்கும்போதெல்லாம் வசந்தாவை விசாரிப்பார். அந்த இன்னொரு விஷயத்தை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். கேட்டுத் தொலைத்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். கேட்காமலேயே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். இப்போது அவர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. அநியாயமான கோபம்தான், இருந்தாலும் வருகிறது.

இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். சபாபதி முதலாளிதான் தலைமை. படத்துக்கு ஜரிகை மாலை போட்டார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "ஞானமணி தங்கமான மனுசரு. நமக்கும் அவருக்கும் ஒரு சின்ன மனஸ்தாபம் இருந்திச்சு. யாருக்கும் சொல்லாம கெணத்துல பவுடரப் போட்டுட்டாரு. கொஞ்சம் அவசரக்காரரு. நாம அதையெல்லாம் மறந்து மன்னிச்சுட்டோம்" என்று மைக்கில் சொன்னார். மன்னித்துவிட்டாராம்! கூட்டம் கை தட்டியது.

நான் எழுந்தேன். "சொன்னாரு முதலாளி. முந்தின நாளே சொன்னாரு. என்கிட்டத்தான் சொன்னாரு."

 முன்வரிசையில் ஞானமணியின் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதலாளி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "செத்தவரு கூட்டத்துல பழசெல்லாம் எதுக்குபா? உக்காரு, உக்காரு" என்றார். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அடுத்தவர் பேசத் தொடங்கினார். பிறகு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நான் துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஒருவர் என்னிடம், "நல்ல மனசுபா உனக்கு, செத்தவரு மேல இருக்கற பழிய நீ ஏத்துக்கப் பாத்த" என்றார். அவரை அறைந்திருப்பேன், வயசாளி என்று விட்டேன்.

ஞானமணியின் மகள் மட்டும் மறுநாள் வீட்டுக்கு வந்தாள். "அப்பா உங்களப் பத்தி ஒருதபாகூடத் தப்பா சொன்னதில்லீங்களே" என்றாள். அந்தப் பம்பை எனக்கென்று கொண்டுவந்திருந்தாள். நான் வாங்கவில்லை. அது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அதைத் தொட யோக்கியதை இல்லை என்று அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே, அவரோடு வேலை செய்தவர்களே, நீங்கள் கேட்ட நாலு வார்த்தை இதுதான். உங்கள் இலாகாவின் பழைய காகிதங்களில் எங்கேயோ என் கையெழுத்தில் ஒரு மனு இருக்கும். 'முன்னறிவிப்பு ஏதுமின்றி' என்று அதில் இருக்கும். அது பொய். அந்தப் பொய்யோடுதான் அவர், பென்ஷன் வாங்கும் வயது வருவதற்குள், போய்ச் சேர்ந்தார். அந்த மனுவோடு இந்தப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று: அதிகாரி கேட்டபோது அவர் நாக்கு நுனிவரை வந்து, வெளியே விடாமல் விழுங்கிய ஒரு பெயர். அதை இத்தனை நாள் எனக்காக அவர் வைத்திருந்தார். இனி நான்தான் வைத்திருக்க வேண்டும், ஒளித்து அல்ல.

வெள்ளிக்கிழமை காலை கிணற்றில் மருந்து போடப்போவதாக இன்ஸ்பெக்டர் ஞானமணி வியாழக்கிழமை மத்தியானமே முறையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவன் கூலித்தறி நெசவாளி வேதாசலம்.